அக்காவும் ஆறு பக்க வீடும்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்குத் தெருப்பெயர் தேவைப்பட்டதே இல்லை. ஸ்டேஷனில் இறங்கி, "அந்த ஆறு பக்க வீடு" என்றால் போதும், குதிரைவண்டிக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். சிலர் அதைத் தேன்கூட்டு வீடு என்றார்கள். ஒரு குசும்புக்காரர் சர்க்கஸ் கொட்டாய் என்று பெயர் வைத்து, அது பால்காரர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கட்டின வீட்டுக்குக் குற்றம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆனால் அந்தப் பேச்சு காதில் விழுந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதைக் கட்டியவரை நான் திட்டலாம், ஊரார் திட்டக் கூடாது.

கட்டியவர் என் வீட்டுக்காரர். ரோடு போடுகிற ஆபீசில் படம் வரைகிற வேலை. கையில் காம்பஸும் ஸ்கேலும் இருந்தால் இவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணமான புதிதில் ஒருநாள் எனக்காக நந்தியாவட்டைப் பூ பறித்துக்கொண்டு வந்தார். தலையில் வைத்துவிடப் போகிறார் என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி நின்றால், அந்தப் பூவின் ஐந்து இதழுக்கும் நடுவில் எத்தனை டிகிரி என்று கணக்குச் சொல்கிறார். அப்படிப்பட்ட மனுஷர்.

அப்போது விழுப்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நாங்கள் இரண்டு பேர், எங்களோடு இவருடைய அக்கா. ஒன்பது வயதில் பெரியம்மை கண்டு அக்காவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அடுத்த வருஷமே அவர்களுடைய அம்மாவும் போய்ச் சேர்ந்தார். திருவாமாத்தூர்ப் பக்கத்துக் கிராமம்; அப்பா விடிந்தால் கழனிக்குப் போய்விடுவார். கண் தெரியாத அந்தப் பெண்தான் கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் சுமந்து, கூழ் காய்ச்சி ஊட்டி ஆளாக்கியது. கல்யாணம் என்ற பேச்சையே அக்கா எடுக்கவிடவில்லை. எனக்கு இந்த இடம் முடிவானபோது, மாமியார் இல்லாத வீடு, கொடுத்து வைத்தவள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். அவர்களுக்கு அக்காவைத் தெரியாது.

விழுப்புரத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருக்கதவில் நுழைந்து இடது கையைச் சுவரில் வைத்தால், கூடம், சமையல் அறை, கிணற்றடி, கொல்லைக் கடைசியில் கக்கூஸ் என்று எல்லாம் ஒரே கோட்டில் வரும். அக்கா அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே என்னைவிட வேகமாக நடப்பார். தண்ணீர் இறைப்பார். கேப்பைக் களி கிண்டுவார். மல்லாட்டைக் கடலை வறுபடும் வாசனையை வைத்தே, "போதும், எறக்கு" என்பார். சமையல் அறை முழுக்க அவருடைய ராஜ்யம். நான் உப்பு ஜாடியை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டால் அன்று எனக்கு அர்ச்சனைதான்.

"எடுத்த எடத்துல வைக்க மாட்டியா? உங்கூட்ல இப்படித்தான் வளத்தாங்களா?"

நானும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருக்கிறவள் இல்லை. "ஒரு சாண் தள்ளியிருந்தா உப்பு கசந்துடுமாக்கா?" என்று கேட்டுவிடுவேன். பிறகு அரை நாள் இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். அந்த வயதில் எனக்கு நகை ஆசை இல்லை, புடவை ஆசை இல்லை. என் இஷ்டத்துக்குச் சாமான் வைத்துக்கொள்ள, யாரும் கேள்வி கேட்காத ஓர் அடுப்படி வேண்டும். அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இவருக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு மனையும் அமைந்தது. சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானதும் இவர் படம் போட உட்கார்ந்தார். பத்து நாள் கழித்து அதை என்னிடம் விரித்துக் காட்டினார்.

"இன்னாங்க இது, சோழியாட்டக் கட்டமா?"

"வீடுடி."

நடுவில் ஆறு பக்கமுள்ள ஒரு கூடம். அதைச் சுற்றி ஆறு அறைகள். கூடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கதவு. ஆறு பக்கமும் ஒரே நீளம், ஆறு கதவும் ஒரே அளவு, ஒரே மரம். கூடத்துக் கூரை மட்டும் மற்றதைவிட உயரம். அதில் சுற்றிலும் கண்ணாடி வைத்து வெளிச்சம் வர வழி. எனக்குத் தலை சுற்றியது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் இவர் அக்காவைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஆறு தீக்குச்சிகளைத் தரையில் ஒன்றோடொன்று முட்டவைத்து, அக்காவின் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினார்.

"பாரு அக்கா, இதான் நம்ம கூடம். இந்த நீள வீட்ல நீ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கினே கெடக்கற. அங்க அதெல்லாம் கெடையாது. நடுவுல நின்னுக்கினா எந்த ரூமும் ஏழே அடி. உனக்காகத்தான் இப்படிப் போட்டேன்."

அக்கா அந்தக் குச்சிகளை விரலால் இரண்டு முறை சுற்றி வந்தார். எங்கே தொடங்கினோம் என்று தேடுவதுபோல் மூன்றாவது முறையும் சுற்றினார். பிறகு, "நல்லா இருக்கு தம்பி" என்றார். இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் வகுப்பில் பாஸான பையன் தோற்றான். அதற்கப்புறம் நான் என்ன சொல்வது?

வீடு எழும்பியது. கொத்தனார் மேஸ்திரிதான் பாவம். சுவர் மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் மூலைமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "முப்பது வருசமா இத வச்சிக்கினுதான் சோறு துன்றேன். உங்க வீட்ல இத வைக்க ஒரு மூலை இல்லியே ஐயா, ஒரே பேஜாரா கீது" என்றார். இவர் தேக்குக் கட்டையில் வாய் அகலமான புது மட்டம் ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுத்தார். மேஸ்திரி அதை வாங்கித் துண்டில் சுற்றிக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார்.

கிரகப்பிரவேசத்தன்று ஐயர், "ஈசானிய மூலை எதுங்க?" என்று கேட்டார். "மூலை இல்லீங்க, அந்தத் திசையில ஒரு ஜன்னல் இருக்கு" என்றார் இவர். ஐயர் ஜன்னலுக்குப் பூஜை செய்தார். அடுத்து பசுவையும் கன்றையும் உள்ளே ஓட்டினார்கள். கூடத்து நடுவில் வந்து நின்ற பசு ஒவ்வொரு கதவாகப் பார்த்தது. எந்தக் கதவு வழியாக வந்தோம் என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் எங்கள் படுக்கை அறைக்குள் புகுந்து சாணி போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. வந்திருந்தவர்கள் லட்சுமி கடாட்சம் என்று சொல்லிச் சிரித்தார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவும் சிரித்தார். ஒரு மாட்டுக்கு உடனே புரிந்த விஷயம் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

குடிவந்த மறுநாள் அக்காவை அடுப்படிக்கு அழைத்தேன். அவருடைய அறைக்கு நேர் எதிர் அறை அது. "இது உன் அடுப்படி. நீயே பாத்துக்க. எனக்கும் வயசாவுது" என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். அது ஒரு வயதா? எனக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உப்பு ஜாடியை ஜன்னலில் வைத்தேன், மறுநாள் மாடத்தில் வைத்தேன், அதற்கு மறுநாள் வேண்டுமென்றே தரையில் வைத்துப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லை. வெளிச்சமான, காற்றோட்டமான, என் அடுப்படி. ஊர் சிரித்த அந்த வீட்டின்மேல் எனக்கு அப்போதுதான் பிரியமே வந்தது. பீரோ சுவரோடு ஒட்டாமல் பின்னால் முக்கோணமாக இடம் விட்டு நின்றதும், அந்தச் சந்தில் பூனை குட்டி போட்டதும்கூட அழகாகத்தான் தெரிந்தது.

இவரோ தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் கூடத்து நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். எந்தக் கதவிலும் திரை கட்டக் கூடாது, எந்தச் சுவரிலும் காலண்டர் மாட்டக் கூடாது. ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து இவருடைய சிநேகிதர்கள் ரயில் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் என் கண்ணில் பட்டது சொம்பு. காலையில் அக்காவின் கட்டிலருகே நான் வைக்கும் தண்ணீர் மாலை வரை அப்படியே இருந்தது. கேட்டால், "தாகம் இல்ல" என்றார். வெயில் கொளுத்துகிற காலம். திண்டிவனத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் உதடு வெடித்திருந்தது. தினமும் நான்தான் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்ததும் கைப்பிடித்து அடுப்படி வழியாகக் கொல்லைக்கு அழைத்துப் போய்வந்துகொண்டிருந்தேன். புது இடம், பழகும் வரைக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். பழகி முடிக்க ஒரு மாதம் ஆகுமா என்று நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சந்தைக்குப் போனவள் பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். கூடத்து நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி. மெல்ல நான்கு அடி வைத்துச் சுவரைத் தொட்டார், சுவரைத் தடவிப் போய் ஒரு கதவைத் தொட்டார், அதைத் தடவிப் பார்த்தார், அடுத்த சுவர், அடுத்த கதவு. மறுபடி அடுத்தது. எல்லாம் ஒன்றே. புடவையின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது.

என் காலடி கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பொண்ணே, கொல்லக்கதவு எந்தப் பக்கம்?"

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அக்கா என் கையை உதறவில்லை. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, வேறு புடவை கட்டிவிட்டேன். அப்போதுதான் சொன்னார். விழுப்புரத்தில் சுவரைப் பிடித்தால் சுவர் கொண்டுபோய் விட்டுவிடும். இங்கே சுவரைப் பிடித்தால் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருகிறது. நடுவில் நடந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை, கொஞ்சம் சாய்ந்தாலும் வேறு கதவுக்குப் போய்விடுகிறது. சத்தத்தை வைத்துப் போகலாம் என்றால், அந்த உயரமான கூரையில் பட்டு நான் போடும் கரண்டிச் சத்தம் ஆறு பக்கமிருந்தும் கேட்கிறது.

"கண்ணு போனப்பகூட நான் இப்படித் தொலஞ்சி போனதில்லம்மா" என்றார்.

நான் அழுதேன். இவர் வரட்டும், கேட்கிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "தம்பிகிட்ட சொல்லாத. எனக்காக ஆசையாக் கட்டினான். எம்மேல சத்தியம்."

சத்தியம் செய்த கையோடு நான் திருட்டு வேலையில் இறங்கினேன். அடுப்படி வாசலில் ஒரு கோணிச்சாக்கை விரித்தேன், காலில் பட்டால் தெரியட்டும் என்று. மாலையில் வந்த இவர் அதை மடித்துத் தூக்கிப் போட்டார். மறுநாள் கதவில் ஒரு மாட்டுமணி கட்டினேன். அதையும் அவிழ்த்தார். மூன்றாவது நாள் அக்காவின் அறைக்கதவில் ஒரு கயிற்றைக் கட்டி அடுப்படி வரை இழுத்துவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. கூடத்துக்கு வந்த இவர் கயிற்றில் இடறி, அதை அறுத்துக்கொண்டு பூஜை அறை வாசலில் போய் விழுந்தார்.

"உனக்கு இன்னாடி ஆச்சு? ஆறுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா அசிங்கமா இல்ல? கண்ணு அங்கியே போய் நிக்குது பாரு!"

அந்த வார்த்தையில் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"கண்ணு இருக்கறவங்களுக்கு நிக்கும்! அந்தத் துண்ட எடுத்துக் கண்ணக் கட்டிக்கினு என் அடுப்படிக்கு வாங்க பாக்கலாம். நீங்க கட்டின வீடுதானே!"

சத்தியத்தை மீறவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அக்காவின் பெயரை எடுக்கவில்லையே.

இவர் சிரித்தார். "இவ்ளோதானா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போவேன்" என்று துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு எழுந்தார். விழுந்த இடத்திலிருந்து எழுந்ததில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது போய்விட்டது. சுவரைத் தொட்டார். நடந்தார். ஒரு கதவு, இரண்டு கதவு என்று வாய்விட்டு எண்ணினார். நான்காவது கதவில் நின்று யோசித்தார். திரும்பினார். மறுபடி எண்ணினார். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. நான் மூச்சுவிடாமல் சமையல் அறை வாசலில் நின்றேன். கடைசியில், "இதான், இதான் அடுப்படி, காத்து வருது பாரு" என்று வேறொரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினார்.

அது அக்காவின் அறை. நீட்டிய கை கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவின் தலைமேல் போய் விழுந்தது.

அக்கா அந்தக் கையைப் பிடித்தார். மேலே தடவிப்போய் முகத்தைத் தொட்டு, கண்ணில் கட்டியிருந்த துண்டைத் தொட்டார்.

"தம்பி, நீயும் வழி தெரியாம வந்துட்டியா?"

இவருக்குக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் படத்தில்தான் என்று நான் கேலி செய்வது உண்டு. ஆனால் அன்று ஒரு வார்த்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை அவிழ்க்காமலே அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். துண்டு நனைந்து போயிற்று. அக்கா இவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "வீடு நல்லாத்தான்டா இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாளே மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. அக்காவின் அறை வாசலிலிருந்து அடுப்படி வாசல் வரை, அந்த அழகான கூடத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு, இடுப்பளவுக்கு ஒரு சுவர். நடுவில் ஆள் போக மட்டும் ஓர் இடைவெளி. நின்று கையை நீட்டினால் மறுபாதி கிடைத்துவிடும். அடுப்படியின் கொல்லைக்கதவிலிருந்து கக்கூஸ் வரைக்கும் அதேபோல் இன்னொன்று. உயரம் எவ்வளவு என்று அக்காதான் கையை வைத்துச் சொன்னார். மேஸ்திரி முகத்தில் அன்றுதான் களை. "கடேசில ஒரு நேர் சுவர் கட்ட வுட்டீங்களே ஐயா" என்று கல்லை எடுத்தார். இவரும் சிரித்தார், ஆனால் முதல் வரிசை கல் வைக்கும்போது வெளியே போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இவரை நினைத்துப் பாவமாக இருந்தது. இவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

சுவர் காய்ந்து சுண்ணாம்பு அடித்த மறுநாள் காலை. நான் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் உள்ளங்கை உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நடுவில் கொஞ்சம் நின்றது, மறுபடி உரசியது, வேகம் எடுத்தது. அக்கா வாசற்படி தாண்டி உள்ளே வந்து நின்றார். அலமாரியைத் தடவினார்.

"இன்னா அடுப்படி இது, சந்தக்கட மாதிரி? புளி இருக்கற எடத்துல பருப்பு. உப்பு எங்க வச்சிக்கீற?"

ஆபீசுக்குக் கிளம்பி நின்ற இவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சாச்சா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். நான் ஒவ்வொரு ஜாடியாக எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து வைத்தார். ஒரு மாதத்து ராஜ்யம் கால்மணி நேரத்தில் முடிந்தது. எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த விரல்கள் சரசரவென்று ஜாடிகளுக்கு நடுவில் ஓடுவதைப் பார்த்தபோது மனசு நிறைந்துதான் போயிற்று.

கடைசி ஜாடியை வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இங்க வந்ததுலேர்ந்து நீ பாடிக்கினே சமைச்ச. தெரியுமா உனக்கு?"

"நானா?"

"விழுப்புரத்துல அஞ்சு வருசம் ஒரு நாள்கூடப் பாடினதில்ல. உனக்குப் பாட்டு வரும்னே எனக்குத் தெரியாது. ரூமுல உக்காந்து கேட்டுக்கினு இருப்பேன். கூப்பிட்டா நிறுத்திடுவியேன்னுதான் கூப்பிடல."

உலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் மூடியை எடுக்காமல் நின்றேன்.

"காலைல அடுப்பு உனக்கு, சாயங்காலம் எனக்கு" என்றார் அக்கா. "பாடு."

அன்றைக்கு எனக்கு ஒரு பாட்டும் வரவில்லை.